மீனுக்கும் இறாலுக்கும் வீட்டிலேயே வெண்ணெய் சாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று நம் கடற்கரை ஊர்களில் கரையேறும் மீன் பாளையங்கோட்டைச் சந்தைக்கு வந்து சேரும்போது அதன் கண் இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. அப்படிப்பட்ட மீனைப் புளிக்குழம்பாக வைக்கிறோம், மசாலா தடவிப் பொரிக்கிறோம், இரண்டும் அருமையானவைதான். ஆனால் மீனின் சொந்தச் சுவையை மறைக்காமல் துணைநிற்கிற வெண்ணெய் சாஸை வீட்டில் செய்ய முயன்று, அது எண்ணெயாகப் பிரிந்துபோய்க் கைவிட்டவர்கள் பலர். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

வெண்ணெயை உருக்கி ஊற்றினால் போதாதா? அதற்குத் தனியாக ஒரு செய்முறை எதற்கு?

உருக்கி ஊற்றுவதும் ஒரு முறைதான். நண்டுக்கு அதுவே சிறந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் சாஸ் என்பது வேறு. உருகிய வெண்ணெய் மீன் துண்டின் மேல் நிற்காமல் வழிந்து தட்டில் எண்ணெய்க் குளமாகத் தேங்கும். சாஸோ ஆடை நீக்காத கெட்டிப்பால் போல மீனின் மேல் படிந்து நிற்கும். நாக்கில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்குத் தெரியாமல் புளிப்பும் வெண்ணெய் மணமும் சேர்ந்து தெரியும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வெண்ணெயின் அமைப்பு. கடையில் கிடைக்கும் வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பும் 16 விழுக்காடு தண்ணீரும் இருக்கின்றன. மிச்சம் பால்புரதமும் உப்பும். பாலாடையில் கொழுப்புத் துளிகள் தண்ணீருக்குள் மிதக்கின்றன. மத்தால் கடையும்போது அந்த நிலை தலைகீழாகி, கொழுப்புக்குள் தண்ணீர்த் துளிகள் சிறைப்பட்டு வெண்ணெய் திரள்கிறது. சாஸ் செய்யும்போது நாம் மீண்டும் ஒருமுறை அதைத் தலைகீழாக்குகிறோம்: வெண்ணெயைச் சிறு சிறு துளிகளாக உடைத்து, புளிப்பான கொஞ்சம் தண்ணீருக்குள் மறுபடியும் மிதக்க வைக்கிறோம். அந்தத் துளிகளைப் பிரியாமல் பிடித்துவைப்பவை வெண்ணெயிலேயே இருக்கும் பால்புரதமும், கொழுப்போடும் தண்ணீரோடும் ஒருசேர ஒட்டும் பாஸ்போலிப்பிடுகள் என்னும் பொருள்களும். இவற்றைக் காப்பாற்றுவதுதான் இந்தச் சமையலின் வேலை முழுவதும்.

குழம்பில் எண்ணெய் பிரிந்து வந்தால் பதம் என்கிறோம். இங்கே மட்டும் அது ஏன் குற்றமாகிறது?

இந்தக் கேள்வியில்தான் நம் வீட்டுச் சமையல்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். மீன் குழம்பு கொதித்து வற்றி, எண்ணெய் தெளிந்து ஓரத்தில் மிதக்கும்போது அடுப்பை அணைக்க வேண்டும் என்று நம் கைகள் பழகியிருக்கின்றன. வெண்ணெய் சாஸ் கொதிக்கவே கூடாது.

இதை விளங்கிக்கொள்ளத் திருநெல்வேலிச் சொதியை நினைத்துக்கொண்டால் போதும். மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைக்கும் எவரும், காய்களை மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவைத்துவிட்டு, முதல் தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடி வரும்போதே இறக்கிவிடுவார்கள். கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தையும் இறக்கிய பிறகுதான் பிழிவார்கள். முதல் தேங்காய்ப் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் கொழுப்புத் துளிகள். வெண்ணெய் சாஸும் அதுவே. ஆகவே சொதி வைக்கத் தெரிந்த கைக்கு வெண்ணெய் சாஸ் புதிய பாடம் அல்ல. குழம்பு வைக்கும் கையை ஒதுக்கிவிட்டுச் சொதி வைக்கும் கையால் இதைச் செய்யுங்கள் என்பதுதான் நான் யாருக்கும் முதலில் சொல்வது.

வெப்பநிலையாகச் சொன்னால், சாஸ் ஏறத்தாழ 58 பாகை செல்சியசைத் தாண்டினால் கொழுப்பு பிரியத் தொடங்கும். 30 பாகைக்குக் கீழே ஆறினால் கொழுப்பு உறைந்து துளிகளின் அமைப்பு குலையும்; பிறகு சூடாக்கினாலும் எண்ணெயாகவே கசியும். வெப்பமானி இல்லாதவர்கள் பாத்திரத்தின் வெளிப்புறத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்க்கலாம். சூடு நன்றாக உறைக்க வேண்டும். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கக் கூடாது.

இது பிரெஞ்சுச் சமையல் அல்லவா? வெள்ளை ஒயின் இல்லாமல் எப்படிச் செய்வது?

ஆம். இதன் மூலம் பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில், நாந்த் நகரத்தைச் சுற்றிய பகுதியில் செய்யப்படும் பேர் பிளாங் என்னும் சாஸ். அங்கே வெள்ளை ஒயினையும் வினிகரையும் பொடியாக நறுக்கிய சிறு வெங்காயத்துடன் வற்றவைத்து, அதில் குளிர்ந்த வெண்ணெயைச் சேர்த்து அடிக்கிறார்கள். ஆற்றுமீனுக்கு ஊற்றிச் சாப்பிடப் பிறந்த சாஸ் அது.

ஒயின் இங்கே செய்கிற முதன்மையான வேலை புளிப்பைத் தருவது. திராட்சையில், அதனால் ஒயினில், இருக்கும் முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். நம் புளியில் இருப்பதும் அதே டார்டாரிக் அமிலந்தான். எனவே ஒயினுக்குப் பதிலாக மெல்லிய புளித்தண்ணீரை வற்றவைப்பது வேறு வழியில்லாமல் செய்யும் சமாளிப்பு அல்ல, வேதியியல்படியே பொருத்தமான மாற்று. நிறம் மட்டும் தூய வெள்ளையாக இராது, தந்தத்தின் நிறத்தில் வரும். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளியைப் பயன்படுத்தினால் நிறம் வெளிறி அழகாக இருக்கும். கறுத்த பழம்புளி சாஸைப் பழுப்பாக்கிவிடும். புளி வேண்டாம் என்பவர்கள் இரண்டு தேக்கரண்டி வினிகரைக் கால் தம்ளர் தண்ணீரில் கலந்து வற்றவைக்கலாம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் வற்றவைக்க வேண்டாம்; மணம் போய்க் கசப்புத் தட்டும். புளியங்குடி எலுமிச்சை கைவசம் இருந்தால், கடைசியில் சில சொட்டுகள் பிழிய அதைவிட நல்லது இல்லை.

அளவும் செய்முறையும் சொல்ல முடியுமா?

நான்கு பேருக்கு 120 கிராம் வெண்ணெய் போதும். அதைச் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிய கட்டிகளாக நறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கொட்டைப்பாக்கு அளவு புளியை அரைத் தம்ளர் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். வடிகட்டாவிட்டால் நார் நாக்கில் தட்டும். ஐந்தாறு உள்ளியை உரித்து மிகப் பொடியாக நறுக்க வேண்டும். (நம் பேச்சில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம். பல்லாரி இதற்கு ஆகாது, தண்ணீர் விடும்.) நான்கு மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள்.

புளித்தண்ணீர், உள்ளி, மிளகு மூன்றையும் அடிகனமான சிறிய பாத்திரத்தில் மிதமான தீயில் வைத்து, இரண்டு மேசைக்கரண்டி அளவு நீர் மிஞ்சும் வரை வற்றவிடுங்கள். உள்ளி கண்ணாடி போல ஆகி, பாத்திரத்தைச் சாய்த்தால் நீர் சிரப்பு போல மெதுவாக ஓட வேண்டும். முழுவதும் வற்றிவிட்டால் வெண்ணெய்த் துளிகள் மிதக்கத் தண்ணீரே இராது. அப்போது ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தீயை இருப்பதிலேயே குறைவாக வைத்து, இரண்டு கட்டி வெண்ணெயைப் போட்டுக் கம்பிக் கரண்டியால் இடைவிடாமல் அடியுங்கள். அவை முழுவதும் கரைவதற்குச் சற்று முன்பே அடுத்த இரண்டு. வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்: ஒவ்வொரு கட்டியும் சாஸின் சூட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டே போகும், மெதுவாக உருகுவதால் துளிகள் சிறியனவாக உடையவும் நேரம் கிடைக்கும். மேற்பரப்பில் மஞ்சள் நிறத்தில் மினுமினுப்பு வளையங்கள் தெரிந்தால் சூடு மிஞ்சுகிறது என்று பொருள். உடனே இறக்கி, அடுப்புக்கு வெளியே வைத்து அடியுங்கள். கடைசிக் கட்டி கரையும் முன்பே அடுப்பை அணைத்துவிடலாம். உப்பை இறுதியில் ருசி பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். எலுமிச்சையும் அப்போதுதான். உள்ளி பல்லில் படுவது பிடிக்காதவர்கள் வடிகட்டலாம். எங்கள் வீட்டில் வடிகட்டுவதில்லை.

வீட்டில் கடைந்த வெண்ணெயைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. தயிரைக் கடைந்து எடுத்த வெண்ணெயில் இயல்பாகவே இலேசான புளிப்பும் மணமும் இருப்பதால் சாஸுக்குத் தனிச் சுவை கிடைக்கிறது. ஆனால் அதில் மோர் தங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும் வரை இரண்டு மூன்று முறை கழுவி, உள்ளங்கையில் உருட்டி அழுத்தினால் உள்ளே சிக்கிய மோர் முத்து முத்தாக வெளியே வரும். அது நிற்கும் வரை பிசைய வேண்டும். பிறகு தட்டையாகத் தட்டிக் குளிரவைத்து நறுக்குங்கள். அப்படியும் கடை வெண்ணெயைவிட இதில் தண்ணீர் சற்று மிகுதியாகவே இருக்கும் என்பதால் புளித்தண்ணீரை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வற்றவிட வேண்டும். நாள்பட்டுச் சிக்கு வாடை அடித்த வெண்ணெயை நெய்யாக உருக்கினால்கூட அந்த வாடை போகாது. சாஸில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

உப்பிட்ட மஞ்சள் வெண்ணெய் மட்டுமே கிடைத்தால் வேறு உப்பே சேர்க்க வேண்டாம். மீனிலும் உப்பைக் குறைத்துவிடுங்கள்.

மண்சட்டியில் செய்யலாமா?

வேண்டாம். மீன் குழம்புக்கு மண்சட்டியை மிஞ்சிய பாத்திரம் இல்லை. இறக்கிய பிறகும் கொதி அடங்காமல் இருப்பதுதான் அதன் சிறப்பு. அதே சிறப்பே இங்கே கேடாக முடிகிறது. நான் முதன்முதலில் இந்த சாஸை மண்சட்டியில்தான் செய்தேன். அடுப்பில் இருந்தவரை அருமையாகக் கூடி வந்தது; இறக்கி வைத்து மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது, சட்டியின் சூட்டிலேயே வெண்ணெய் தனி, புளித்தண்ணீர் தனி என்று பிரிந்து கிடந்தது. அடிகனமான எவர்சில்வர் பாத்திரமே பாதுகாப்பானது. ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளி சேர்ந்தால் களிம்பு இறங்கும். அலுமினியத்திலும் புளிப்பான பொருளை வற்றவைக்க வேண்டாம்.

சித்திரை வெயிலில் வெண்ணெய் நறுக்கும் முன்பே உருகிவிடுகிறதே?

வெண்ணெய் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். அக்கினி நட்சத்திர நாள்களில் நம் சமையலறையின் சூடே அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே வெண்ணெயை முந்தின இரவே நறுக்கிக் குளிரவைத்துவிட்டு, ஐஸ்கட்டி போட்ட தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வெண்ணெய்த் தட்டை வைத்து, அதிலிருந்து எடுத்து எடுத்துப் போடுங்கள். அதே வெயில் ஒரு நன்மையும் செய்கிறது: செய்து முடித்த சாஸ் எளிதில் ஆறி உறையாது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் தட்டையும் வெந்நீரில் கழுவிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

திரிந்துவிட்டது. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். இன்னொரு பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரை விட்டு, திரிந்த சாஸை அதில் அரைக் கரண்டி அரைக் கரண்டியாகச் சேர்த்து வேகமாக அடியுங்கள். முதல் சில கரண்டிகள் கூடி வெளுத்து வந்துவிட்டால் மீதியும் வந்துவிடும். புதிய பாலாடை இருந்தால் தண்ணீருக்குப் பதில் அதைப் பயன்படுத்தலாம். அதிலுள்ள புரதம் பிடிப்பைக் கூட்டும். வெண்ணெய் பொன்னிறமாகும் அளவுக்குக் காய்ந்துபோயிருந்தால் மட்டும் மீட்க வழியில்லை. அதைத் தனியே வடித்து மீன் வறுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மீனுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது?

வெள்ளைத் தசையும் மென்மையான சுவையும் உள்ள மீன்களுக்கு. வஞ்சிரம், விளமீன், பாறை ஆகியவை என் முதல் தேர்வு. இறாலும் கணவாயும் அடுத்து. சாளை, அயிலை போன்றவற்றில் இயற்கையிலேயே கொழுப்பு மிகுதி; அவற்றின் மேல் வெண்ணெயை ஊற்றினால் திகட்டும். அவை புளிக்குழம்புக்கென்றே பிறந்தவை. மிளகாய்த்தூள் தடவிப் பொரித்த மீனுக்கும் இந்த சாஸ் வீண். காரத்தின் முன்னால் வெண்ணெயின் மணம் நிற்காது. மீனுக்கு உப்பும் சிறிது மிளகும் மட்டும் தடவி, துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்துவிட்டு, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் தோல் பக்கம் கீழே இருக்குமாறு சுட்டெடுங்கள். சாஸை மீனுக்கு மேலே ஊற்றினால் மொறுமொறுப்பான தோல் ஊறிவிடும். தட்டில் முதலில் சாஸை ஊற்றி, அதன்மேல் மீனை வையுங்கள். இறால் வளைந்து நிறம் மாறியவுடன் எடுத்துவிட வேண்டும். கணவாய்க்கு நல்ல சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம் போதும், மிஞ்சினால் ரப்பராகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகுகளும் கட்டுமரங்களும் கொண்டுவரும் மீன்தான் புதியது. அளவு குறைவு, விலை கூடுதல். பனிக்கட்டியில் பல நாள் கிடந்த வஞ்சிரத்தை வாங்கி இந்த சாஸ் செய்வதைவிட, அன்று பிடித்த சிறிய பாறைக்குச் செய்வது மேல். இந்த சாஸ் மீனின் குறையை மறைக்காது, இன்னும் எடுத்துக்காட்டும்.

நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் உருக்கிய வெண்ணெய் என்றீர்களே?

இவற்றின் சதையே இனிப்பானது. ஓட்டை உடைத்துத் துண்டு துண்டாக எடுத்து, தொட்டுச் சாப்பிடுவதற்குத் தெளிந்த வெண்ணெய் போதும், புளிப்பு கூட வேண்டாம். வெண்ணெயை மிகக் குறைந்த தீயில் கிளறாமல் உருக்கி, ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலே வெள்ளை நுரை, நடுவே பொன்னிறத் தெளிவு, அடியில் பால் கலங்கல் என்று மூன்றடுக்காகப் பிரியும். நுரையை வழித்துவிட்டு நடு அடுக்கை மட்டும் சாய்த்து எடுங்கள். நசுக்கிய ஒரு பல் வெள்ளைப்பூண்டை அந்தச் சூட்டிலேயே பத்து நிமிடம் ஊறவிட்டு எடுத்துவிட்டால் மணம் போதுமானதாக இருக்கும்.

இது நெய் அல்ல. நெய் காய்ச்சும்போது அடியிலுள்ள பால்பொருள் சிவந்து, அந்த வறுபட்ட மணம் கொழுப்பில் இறங்குகிறது. முருங்கை இலையும் போடுகிறோம். அந்த மணம் நண்டின் இனிப்பை அமுக்கிவிடும். ஆனால் கணவாய்க்கு நேர்மாறு: வெண்ணெய் சலசலப்பு அடங்கி, இரண்டாம் முறை நுரைத்து, அடியில் பொன்னிறத் துகள் தெரியும்போது இறக்கி எலுமிச்சை பிழிந்து, துகளோடு சேர்த்தே ஊற்றுங்கள். நெய்க் கசண்டில் சோறு பிசைந்து சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுவை உடனே பிடிபடும்.

மீனையும் பால்பொருளையும் சேர்த்துச் சாப்பிட்டால் தோலில் வெள்ளைத் திட்டு வரும் என்கிறார்களே?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது; கேட்பவர்களின் அச்சம் உண்மையானது, அதை நான் எளிதாக எண்ணவில்லை. மீனும் பாலும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்பது நம் மரபு மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. ஆனால் வெண்திட்டு நோய், தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது. பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே அந்தச் செல்களைத் தாக்குவதுதான் காரணம் என்பது இன்றைய மருத்துவத்தின் விளக்கம். உணவுச் சேர்க்கையால் அது வருவதில்லை. மீனை வெண்ணெயிலும் பாலாடையிலும் சமைத்துத் தலைமுறை தலைமுறையாக உண்ணும் மக்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். உண்மையாகவே கவனிக்க வேண்டியது ஒவ்வாமை: இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களும், பால்புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களும் கட்டாயம் விலக வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்குத் தேங்காய்ப் பாலில் செய்து கொடுங்கள்.

தேங்காய்ப் பாலில் எப்படிச் செய்வது?

அதே புளியும் உள்ளியும் வற்றிய பிறகு, கெட்டியான முதல் பால் ஒரு தம்ளரை ஊற்றி, ஓரத்தில் குமிழி கட்டும் முன்பே இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள். வெண்ணெய் சாஸைவிட நீர்த்திருக்கும், மணமும் வேறு. இறாலுக்கு இது இன்னும் பொருத்தம் என்றே எனக்குப் படுகிறது.

முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

ஒரு மணி நேரம் வரை வைக்கலாம். வாய் அகன்ற பிளாஸ்கை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, அதில் ஊற்றி மூடுங்கள். கொதிநீரில் கழுவினால் அந்தச் சூடே திரித்துவிடும். அதற்கு மேல் வைப்பது நல்லதல்ல, வெதுவெதுப்பில் கிருமிகள் பெருகும். மிச்சமானதைக் குளிரவைத்து, மறுநாள் அவித்த உருளைக்கிழங்கிலோ சூடான சோற்றிலோ வெண்ணெய் போலப் போட்டுப் பிசையலாம். மறுபடி சாஸாக்க முயல வேண்டாம்.

அடிக்கடி சாப்பிடலாமா?

100 கிராம் வெண்ணெயில் ஏறத்தாழ 720 கலோரியும் 50 கிராம் நிறைகொழுப்பும் (saturated fat) உள்ளன. மேலே சொன்ன அளவில் ஒருவருக்கு 30 கிராம், அதாவது 15 கிராம் நிறைகொழுப்பு. ஒரு நாளைக்கு 2000 கலோரி உண்பவருக்கு உலக நலவாழ்வு அமைப்பு சொல்லும் உச்ச அளவே ஏறத்தாழ 22 கிராம்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது இது. இதயநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதனோடு பரிமாறுவது?

புழுங்கலரிசிச் சோறு இந்த சாஸைக் குடித்துவிட்டு வெறும் பிசுக்காக நிற்கும். இடியாப்பந்தான் எங்கள் வீட்டில் நிலைத்தது. ஆவி பறக்கும் இடியாப்பத்தை உதிர்க்காமல் தட்டின் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் சாஸும் அதன்மேல் மீனுமாக வைத்தால், இழைகளுக்கு நடுவே சாஸ் மெல்ல ஏறும். தொட்டுக்கொள்ள வேறு எதுவும் வேண்டாம். உப்பில் பிசறிய வெள்ளரிக்காய் நான்கு துண்டு இருந்தால் போதும்.